பின் அறையும் ஒரு டிரான்ஸ் ஆல்பமும்

சனிக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு வீர முடிவு எடுத்தேன். என்ன ஆனாலும் சரி, பின் அறையை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை! வாய் நிறைய நுரை இருந்ததால் அதை உரக்க அறிவிக்க முடியவில்லை. கண்ணாடியைப் பார்த்துப் புருவத்தை மட்டும் நெரித்தேன்.

பின் அறையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுவதும் ஊரில் உள்ளவர்களை மேலே ஏற்றிக் கீழே இறக்குவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னை நானே ஓர் இடத்தில் இறக்கி வைப்பேன். அதுதான் பின் அறை. அங்கே ஒரு சாய்வு நாற்காலி உண்டு. சுவர் முழுவதும், கழற்றிப் போட்ட பழைய லிஃப்டுகளின் பொத்தான் பலகைகள். பித்தளைப் பொத்தான், கறுப்புப் பொத்தான், எண் தேய்ந்துபோன பொத்தான். ஜன்னலோரம் ஒரு மணி. இடித்துத் தள்ளிய ஏதோ ஒரு கட்டடத்து லிஃப்டில் இருந்தது. மாடி வந்துவிட்டது என்பதை 'டிங்' என்று சொல்லும். துரு எடுத்து, எண்ணெய் விட்டு, மறுபடி அதைப் பேச வைத்தவன் நான். பொத்தானை அமுக்கினால் உடனே பதில் சொல்லும். எதிர்த்துப் பேசாது. எங்கள் வீட்டில் அப்படி இருப்பது அது ஒன்றுதான்.

அந்த அறைக்குத்தான் வெள்ளிக்கிழமை இரவு ஆபத்து வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"ஏங்க, அந்தப் பின் ரூமைக் காலி பண்ணணும்."

"எதுக்கு?"

"வேணும்."

"யாருக்கு? உன் தம்பிக்கா?"

"தம்பி ஒரு ஆல்பம் போட்டிருக்கான், தெரியுமா?"

"பேச்சை மாத்தாதே."

"கேட்டீங்களா இல்லையா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? போன வருஷம் ஒரு வாரம் இங்க தங்கினானே, மறந்துட்டியா? அடுப்படியில டம்ளர் எல்லாம் ஜோடி சேந்து ஆடிச்சே!"

என் மச்சினன் கணினியில் இசை செய்பவன். வீணை, வயலின் எதையும் தொடமாட்டான். ஒரு பெட்டியில் குமிழ்களைத் திருகுவான். சுவர் அதிரும். வாடகைக்கு அறை கொடுத்த அத்தனை பேரும் அவனை அன்போடு வழியனுப்பி வைத்திருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் அக்காள் அறை கேட்டதும் தம்பிக்குத்தான் என்று ஒரு நொடியில் கண்டுபிடித்தேன். நான் கொஞ்சம் கூர்மையானவன்.

"ஒரு பேச்சு பேசிக்கலாம்," என்றாள் மனைவி. "அந்த ஆல்பத்தை முழுசாக் கேளுங்க. பிடிக்கலைன்னா அந்த ரூமைப் பத்தி இனிமே நான் வாயே திறக்கமாட்டேன். பிடிச்சிருந்தா, ரூம் விஷயத்துல நான் சொல்றதுதான். சரியா?"

"பிடிச்சுதா இல்லையான்னு யார் சொல்றது?"

"நீங்கதான்."

கையில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். பாவம். வழக்கும் என் மேல், தீர்ப்பும் என் கையில்! இவ்வளவு வெகுளியாக ஒருத்தி இருப்பாளா?

"சரி," என்றேன்.

மறுநாள் காலை எடுத்த வீர முடிவோடு எதிர் வீட்டு வக்கீலிடம் போனேன். அவர் வராந்தாவில் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மெக்கானிக், முகத்துல வெற்றிக்களை?"

விஷயத்தைச் சொன்னேன்.

"எவ்வளவு நேர ஆல்பம்?"

"ஒண்ணேகால் மணி நேரமாம். நடுவுல இடைவெளியே கிடையாதாம்."

"அதை எதுக்கய்யா உக்காந்து கேக்கணும்? ஹெட்போனை மாட்டிக்கோ. பாட்டைப் போடாதே. கண்ணை மூடிக்கோ. அப்புறம் எழுந்திரிச்சுப் பிடிக்கலைன்னு சொல்லு. நீ கேக்கலைன்னு எந்தக் கோர்ட்டுல நிரூபிக்க முடியும்?"

சட்டம் படித்தவர் சட்டம் படித்தவர்தான்.

ஆனால் ஒன்றை நாங்கள் இருவரும் மறந்துவிட்டோம். என் மனைவி காது பரிசோதிப்பவள். ஒரு காது மருத்துவ நிலையத்தில் வேலை. ஆளைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, பொடிப்பொடி ஒலிகளை அனுப்புவாள். யாருக்குக் கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை, யார் கேட்டும் கேட்காததுபோல் இருக்கிறார்கள் என்று பிரித்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. அவளிடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடிக்கக் கிளம்பினேன் நான்!

ஞாயிற்றுக்கிழமை சாய்வு நாற்காலியில் சாய்ந்தேன். ஹெட்போனை மாட்டினேன். எதையும் போடவில்லை. எதுவுமே இல்லாததை மிகக் கவனமாகக் கேட்டேன்.

பின்னால் காலடி. "காபி போட்டிருக்கேன்," என்றாள் மெதுவாக.

நான் அசையவில்லை. வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது. மூக்குக்கு ஹெட்போன் கிடையாது. அப்படியும் அசையவில்லை. என் மன உறுதியைக் கண்டு நானே வியந்தேன்.

தோளைத் தட்டினாள். கண்ணைத் திறந்தேன்.

"எப்படி இருக்கு?" என்று உதட்டை அசைத்துக் கேட்டாள்.

"பரவாயில்லை. பாதி தாண்டிடுச்சு," என்றேன், இசை ரசிகருக்கு உரிய அடக்கத்தோடு.

தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். ஒண்ணேகால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, தீர்ப்பை வாசித்தேன். "கேட்டேன். பிடிக்கலை."

"கேக்கவே இல்லையே நீங்க."

"யார் சொன்னா?"

"நீங்கதான். காதுக்குள்ள சத்தம் ஓடிக்கிட்டிருந்தா மனுஷன் தன்னை அறியாமக் கத்துவான். யாரா இருந்தாலும் கத்துவான். நீங்க லைப்ரரியில பேசுற மாதிரி பேசினீங்க. வேலைக்கு மட்டம் போடக் காது கேக்கலைன்னு எங்ககிட்ட வருவாங்களே, அவங்களையும் இப்படித்தான் பிடிப்போம்."

வக்கீல் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"சரி, காபி ஆறிப்போச்சு. சுட வச்சுத் தர்றேன். குடிச்சிட்டு, இந்தத் தடவை நிஜமாக் கேளுங்க."

வேறு வழி இல்லை. இரண்டாவது முறை நிஜமாகவே ஆல்பத்தை ஓடவிட்டேன். கேட்பது, ஆனால் கவனிக்காமல் இருப்பது என்று திட்டம்.

முதலில் 'டொம் டொம் டொம் டொம்' என்று ஒரே அடி. அது மட்டும்தான். எனக்கு உடனே லிஃப்ட் மோட்டார் நினைவு வந்தது. நல்ல மோட்டார். சீராக ஓடுகிறது. எங்கேயாவது பிசகும், அப்போது குறை சொல்லலாம் என்று காத்திருந்தேன். பிசகவில்லை. சற்று நேரத்தில் அதன் மேல் இன்னொரு சத்தம் வந்து உட்கார்ந்தது, 'ட்ஸ் ட்ஸ்' என்று. இது கப்பி. பிறகு அடியில் உறுமிக்கொண்டு ஒன்று. இது கம்பி வடம். ஒவ்வொன்றாக வருகிறது, ஆனால் எது எப்போது வந்தது என்று சொல்ல முடியவில்லை. ஒரு மெக்கானிக்குக் கோபம் வருமா வராதா? நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பாடகரைக் காணோம். கொஞ்ச நேரம் பொறுத்தேன். கதவருகே போன மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா! பாடுறவர் எப்ப வருவாரு?"

"வரமாட்டாரு."

"லீவா?"

"கத்தாதீங்க." என் ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கினாள். "இதுல பாடுறவரே கிடையாது. அது புரோகிரெசிவ் டிரான்ஸ், படிப்படியா ஏத்தி மயக்குற இசை. கொஞ்சம் டெக்னோ, கொஞ்சம் ஹவுஸ், மேல லேசா சைகடெலிக்."

"மருந்துச் சீட்டு மாதிரி இருக்கே! சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"டெக்னோன்னா மெஷின் மாதிரி விடாம அடிக்கிறது. ஹவுஸ்னா ஆட வைக்கிறது. சைகடெலிக்னா தலைக்குள்ள கலர் கலராச் சுத்துறது. எல்லாத்தையும் தம்பி ஒண்ணா இழைச்சிருக்கான். பேசாமக் கேளுங்க."

கேட்டேன். எல்லாச் சத்தமும் ஒன்றாக மேலே ஏறிக்கொண்டே போனது. நானும் ஏறிக்கொண்டே போனேன். சட்டென்று மோட்டார் நின்றது! அடி இல்லை, கப்பி இல்லை. இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித் தொங்கினேன். காற்று மாதிரி ஏதோ சுழன்றது. அந்தச் சுழலுக்கு அடியில், மிக லேசாக, ஏதோ ஒரு சின்னச் சத்தம். என்ன அது? காதைக் கூர்மையாக்கினேன். அதே நேரத்தில் தெருவில் ஒரு வண்டிக்காரன் ஹாரனை அழுத்தினான். சத்தம் தப்பிப் போய்விட்டது. அடுத்த நொடி 'டொம்!' என்று எல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்தது. கதவு திறந்து, உச்சி மாடி வெளிச்சம் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

ஆல்பம் முடிந்தபோது நான் நாற்காலியின் நுனியில் இருந்தேன்.

பிடித்துவிட்டது. யாரிடமும் சொல்லாதீர்கள்.

முகத்தை விளக்கெண்ணெய் குடித்த மாதிரி வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"பிடிக்கலை," என்றேன்.

மனைவி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். "இந்த வீட்டுல ஒரே இரைச்சல். மின்விசிறி, தெரு, குக்கர். ஒழுங்காக் கேட்டிருக்க முடியாது. நாளைக்கு எங்க நிலையத்துக்கு வாங்க. கண்ணாடி அறையில உக்காந்து கடைசியா ஒரு தடவை கேளுங்க. அப்பவும் பிடிக்கலைன்னா விட்டுடலாம்."

"உனக்காக வர்றேன்," என்று சலித்துக்கொண்டேன். உள்ளுக்குள் குதித்தேன். அந்தச் சின்னச் சத்தம் என்ன என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. சத்தமே நுழையாத அறையில் கண்டுபிடித்துவிடலாமே! வெளியே வந்து 'பிடிக்கலை' என்று இன்னொரு முறை சொன்னால் அறையும் மிஞ்சும், ஆல்பமும் மிஞ்சும்.

ஆனால் கண்ணாடி அறை. வெளியிலிருந்து அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். எனவே முன்கூட்டியே தயாரானேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் கல் முகம் பழகினேன். கால் தாளம் போட்டுவிடும் என்பதால் சம்மணம் போட்டு உட்காருவது. தலை ஆடும் என்பதால் பின்னால் சுவரில் சாய்த்துவிடுவது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொள்வது. காட்டிக்கொடுக்கக்கூடிய உறுப்புகள் அத்தனையையும் கட்டிப்போட்டேன். அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் மாலை அந்த அறைக்குள் போனேன். தடித்த கதவு. பஞ்சு வைத்த சுவர். ஒரு முக்காலி. ஹெட்போனை மாட்டிவிட்டு, ஒயரோடு இருந்த ஒரு பொத்தானை என் கையில் கொடுத்தாள்.

"இது எதுக்கு?" என்றேன், உஷாராக.

"கதவைச் சாத்தினா நீங்க கூப்பிடறது எனக்குக் கேக்காது. மூச்சு முட்டுற மாதிரி இருந்தா அமுக்குங்க, உடனே திறக்கிறேன். பொத்தான் இல்லாம யாரையும் உள்ள உக்கார வைக்கிறதில்லை."

நியாயமான பேச்சு. பொத்தானைப் பார்த்தேன். விரலுக்கு இதமான, மெத்தென்ற பொத்தான். நல்ல வேலைப்பாடு. கைக்குள் வைத்துக்கொண்டேன். கதவு மூடியது.

அடேயப்பா, என்ன அமைதி! அந்த அமைதிக்குள் மோட்டார் கிளம்பியது. கப்பி வந்தது. வடம் வந்தது. இந்தத் தடவை ஒவ்வொன்றும் உள்ளே நுழையும் இடம் எனக்குத் தெரிந்தது. நான் கல் போல இருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் மனைவி எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொள் என்று நினைத்தேன். ஏறினேன். ஏறினேன். மோட்டார் நின்றது. தொங்கினேன். காற்று சுழன்றது. அதன் அடியில் அந்தச் சின்னச் சத்தம் தெளிவாக, தனியாக வந்தது.

'டிங்.'

என் மணி! என் ஜன்னலோரத்து மணி! எண்ணெய் விட்டு நான் பேச வைத்த அதே மணி! போன வருஷம் தங்கியிருந்தபோது அந்தப் பயல் பதிவு செய்திருக்கிறான். இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் நடுவில், எல்லாம் அடங்கிய இடம் பார்த்து, அதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறான். உதட்டை இன்னும் பலமாகக் கடித்துக்கொண்டேன்.

வெளியே வந்தேன்.

"எப்படி?" என்றாள்.

"சுமார். பிடிக்கலை. எனக்கும் இதுக்கும் ஒத்து வராது."

"கடைசிப் பேச்சுதானே?"

"கடைசிப் பேச்சு."

அவள் தன் கைபேசியை நீட்டினாள். அதில் ஒரு படம் ஓடியது. அவள் மேசை மேல் இருக்கும் பரிசோதனை இயந்திரம். இயந்திரத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு. விளக்கு எரிந்தது, அணைந்தது. எரிந்தது, அணைந்தது. டொம், டொம், டொம், டொம்.

"இது என்ன விளக்கு?"

"உள்ள இருக்கிறவங்க பொத்தானை அமுக்கினா எரியும்."

"நான் அமுக்கவே இல்லையே!"

"உங்க கட்டை விரல்கிட்ட கேளுங்க."

கட்டை விரலைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பொத்தான் அமுக்கியே வளர்ந்த விரல். உடம்பு முழுவதையும் கட்டிப்போட்டவன், இதை மட்டும் அவிழ்த்துவிட்டு, கையில் பொத்தானையும் கொடுத்திருக்கிறேன்.

"இந்த இடத்தைப் பாருங்க," என்றாள். விளக்கு அணைந்தே இருந்தது. மோட்டார் நின்ற இடம். திடீரென்று ஒரே ஒரு முறை எரிந்தது.

"மணி," என்றேன், என்னை அறியாமல்.

"அப்புறம் பாருங்க." விளக்கு குதித்தது.

"ஒரு தடவைகூடத் தாளம் தப்பலை. எங்க டாக்டரே வந்து பாத்துட்டுப் போனாரு. காது மெஷின் வாங்க வந்த ஒரு பெரியவர், இந்த விளக்கைப் பாத்தே தலையாட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. அவருக்குச் சுத்தமாக் காது கேக்காது."

"சரி," என்றேன். "பிடிச்சிருக்கு."

"கேக்கலை."

"பிடிச்சிருக்கு!" என்று கத்தினேன். பெரியவர் தலையாட்டினார்.

உண்மையைச் சொன்னால், தோற்றதில் எனக்கு வருத்தமே இல்லை. மச்சினன் வரட்டும். டம்ளர்கள் ஆடட்டும். சுடச்சுட அடுத்த ஆல்பத்தை நான்தானே முதலில் கேட்பேன்? பொத்தான் பலகைகளையும் சாய்வு நாற்காலியையும் பால்கனிக்கு மாற்றினேன். சுவரைத் துடைத்தேன். அவன் பெட்டிகளுக்காகப் புதிதாக ஒயர் இழுத்து, வரிசையாகப் பிளக் பாயிண்ட் வைத்தேன். மணியை மட்டும் ஜன்னலோரத்திலேயே விட்டுவைத்தேன். அவனுக்குத் தேவைப்படலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பஞ்சு வைத்த தடித்த பலகைகள் இறங்கின. எதிர் வீட்டு வக்கீல் எட்டிப் பார்த்தார்.

"என்ன மெக்கானிக் இதெல்லாம்?"

"ஸ்டுடியோ சார்!" என்றேன் பெருமையாக. "சத்தம் வெளிய போகாம இருக்க. உங்களுக்குத் தொந்தரவே இருக்காது."

அடுத்து ஒரு கண்ணாடி ஜன்னல் இறங்கியது. அடுத்து ஒரு முக்காலி. எங்கேயோ பார்த்த முக்காலியாக இருக்கிறதே என்று யோசித்தேன். கடைசியாக ஒரு பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு என் மச்சினன் இறங்கினான்.

"வாங்க மாப்ளே! மணி விஷயத்துல என்னைக் கவுத்துட்டீங்களே! வாங்க, உங்க ரூமைப் பாருங்க."

"என் ரூமா? எனக்கு எதுக்கு மாமா ரூம்? நான் மார்க்கெட் பக்கம் ஒரு கிடங்கு எடுத்து ரெண்டு மாசம் ஆச்சே. பக்கத்துல எல்லாம் மாவு மில்லு. யாரும் சத்தம்னு சொல்றதில்லை. அக்கா சொல்லலையா?"

மெல்லத் திரும்பினேன். மனைவி வாசலில் நின்று பலகைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"தம்பிக்குன்னு சொன்னியே!"

"நானா? தம்பிக்கான்னு நீங்க கேட்டீங்க. ஆல்பம் கேட்டீங்களான்னு நான் கேட்டேன்."

"அப்ப ரூம்?"

"எனக்கு. எங்க நிலையம் வரைக்கும் வர முடியாத வயசானவங்க நம்ம பக்கத்துல நிறையப் பேர் இருக்காங்க. சாயங்காலத்துல இங்கயே வச்சுக் காது பாக்கப் போறேன். அந்தப் பலகை சத்தம் வெளிய போகாம இருக்க இல்லைங்க. வெளிச் சத்தம் உள்ள வராம இருக்க."

"இதை நேராவே கேட்டிருக்கலாமே!"

"நேராக் கேட்டா பேச்சுவார்த்தை பத்து வருஷம் நடக்கும். உங்களுக்கு எதுத்து நிக்க ஒரு ஆள் வேணும். அதான் தம்பியை முன்னால நிறுத்தினேன். ஆமா, எனக்குன்னு சொல்லியிருந்தா ரூமை இவ்வளவு அழகாத் துடைச்சிருப்பீங்களா? இத்தனை பிளக் பாயிண்ட் வச்சிருப்பீங்களா?"

வக்கீல் நகவெட்டியோடு உள்ளே போய்விட்டார். மச்சினன் மட்டும் ஆறுதலாக என் தோளைத் தொட்டு, "அடுத்த ஆல்பத்துக்கு அந்த மணியை மறுபடி பதிவு பண்ணணும் மாமா," என்றான்.

"மணியைக் கழட்டியாச்சு," என்றாள் மனைவி. "டெஸ்ட் நடக்கும்போது அடிச்சா குழப்பம்."

இப்போது எங்கள் வீட்டில்தான் இந்தத் தெருவிலேயே மிக அமைதியான அறை இருக்கிறது. அதற்குள் நான் போகக்கூடாது. இன்று மாலை பால்கனியில், பொத்தான் பலகைகளுக்கு நடுவே, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனில் ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவாவது மிஞ்சியதே என்று ஒரு நிம்மதி. மோட்டார் ஏறியது. கப்பி வந்தது. தோளில் ஒரு தட்டு.

"ஏங்க, கீழ காலை வச்சுத் தட்டாதீங்க."

"எனக்குக் கேக்கலை!"

"உள்ள இருக்கிறவருக்குத் தரை வழியாக் கேக்குது! நான் சத்தமே அனுப்பலை, மனுஷன் டொம் டொம்னு பொத்தானை அமுக்கிக்கிட்டே இருக்காரு. எழுந்து வேற எங்கயாவது போய் உக்காருங்க."

லிஃப்ட் மெக்கானிக்காகிய நான் இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது மாடிப்படியிலிருந்து.